11 ஹெக்டோலிட்டர்: ஷாத்தோ பால்மேரில் அடிச்சாம்பல் தின்ற 2018

கொடிக்கு ஒரு சிறு குலை. பிரான்சின் போர்டோ பகுதியில், மார்கோ வட்டாரத்தில் இருக்கும் ஷாத்தோ பால்மேர் திராட்சைத் தோட்டத்தின் 2018 விளைச்சலைக் கொடிக் கணக்கில் பிரித்தால் அவ்வளவுதான் தேறும். எக்டேருக்கு 11 ஹெக்டோலிட்டர் வைன் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்), நம் ஏக்கர் கணக்கில் 445 லிட்டர். மார்கோ அடங்கிய மெடோக் பகுதியில் எக்டேருக்கு 10,000 கொடி வரை நெருக்கி நடுவது வழக்கம். அப்படியானால் ஒரு கொடியின் பங்கு 110 மில்லிலிட்டர். ஒரு பாட்டில் நிரம்ப ஏழு கொடி வேண்டும். சாதாரண ஆண்டில் அந்தப் பக்கம் 40 ஹெக்டோலிட்டர் வாக்கில் வரும், இரண்டு கொடிக்கு ஒரு பாட்டில் கிடைத்துவிடும்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டது அடிச்சாம்பல் நோய். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. இலைக்கு மேலே எண்ணெய் சொட்டியதுபோல மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பஞ்சு. அதே நோய்தான், அதே கிருமிதான்.

பால்மேரின் 2018 பற்றி இரண்டு கதைகள் ஓடுகின்றன. ‘ரசாயனம் வேண்டாம் என்று அடம்பிடித்தார்கள், தோட்டம் போனது’ என்பது ஒன்று. ‘விளைச்சல் சுருங்கியதால்தான் வைன் அப்படி அமைந்தது’ என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முழுதாகப் புரிய வேண்டுமானால் நாள்கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் கிடைத்தது, அதற்குள் எத்தனை எக்டேரை மருந்தால் மூட முடிந்தது, அந்த மருந்து இலையில் எத்தனை நாள் தங்கியது என்ற மூன்று கேள்விகளுக்குள் முக்கால்வாசி விஷயம் அடங்கிவிடும்.

தோட்டம்

பால்மேர் மொத்தம் 66 எக்டேர். நட்டிருக்கும் திராட்சை இனங்களில் கேபர்னே சொவினியோன் 47 சதவீதம், மெர்லோ 47 சதவீதம், மீதி 6 சதவீதம் பெத்தி வெர்தோ. மெடோக்கின் சரளை மண்ணில் கேபர்னேயைத்தான் அதிகம் வைப்பார்கள். அதற்குச் சரிசமமாக மெர்லோவை வைத்திருப்பது இந்தத் தோட்டத்தின் தனிக்குணம். 2018-இல் அதுவே பலவீனமும் ஆனது, காரணம் பின்னால் வருகிறது.

பெயர் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியுடையது. சார்லஸ் பாமர் 1814-இல் வாங்கினார், கடன் கழுத்தை நெரித்தபோது 1843-இல் கைவிட்டார். ஆங்கிலத்தில் பாமர், பிரெஞ்சுக்காரர் வாயில் பால்மேர். இன்றைய விலையில் பாமரர் தொட முடியாது என்பது வேறு சங்கதி. 1853-இல் பெரேர் சகோதரர்கள் என்ற வங்கி முதலாளிகள் வாங்கினார்கள். போர்டோ திராட்சைத் தோட்டங்களைச் சாம்பல் நோய் (அடிச்சாம்பல் அல்ல, இது வேறு நோய்) சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. போர்டோ வைன் தோட்டங்களை வகுப்பு பிரித்த 1855 தரவரிசையில் பால்மேருக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்தது. அதன் பிறகு வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி வந்தது, அடுத்து அடிச்சாம்பல். 1938-இல் வணிகக் குடும்பங்கள் சில கூட்டாக வாங்கின. அவற்றில் சிஷெல், மாலர்-பெஸ் குடும்பத்தினர் கையில் இன்றும் இருக்கிறது. 2004 முதல் நிர்வாகம் தொமா துரூவிடம்.

2008-இல் ஒரு எக்டேரில் பயோடைனமிக் என்ற இயற்கை வேளாண் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். படிப்படியாக விரித்து 2014-இல் தோட்டம் முழுவதையும் அந்த முறைக்குக் கொண்டுவந்தார்கள். கொம்பு சாண உரம், கொம்பு சிலிக்கா, மூலிகைக் கசாயங்கள், குளிர்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே மேயும் ஆடுகள் என்று நம் ஊர் இயற்கை விவசாயிகளுக்கும் பழக்கமான ஏற்பாடுதான். பூஞ்சணத்துக்கு எதிராகக் கையில் இருப்பது இரண்டே பொருள்கள். அடிச்சாம்பலுக்குச் செம்பு, சாம்பல் நோய்க்குக் கந்தகம்.

நோய் எப்படி நடக்கிறது

அடிச்சாம்பலை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா அசல் பூஞ்சை அல்ல. உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகலை உண்டாக்கும் கிருமியின் உறவு, நீர்ப்பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்தது. நீரில்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. இது புரிந்தால் மற்றவை எல்லாம் புரியும்.

இலையுதிர்காலத்தில் விழும் நோயுற்ற இலைகளுக்குள் தடித்த சுவருள்ள உறங்கு வித்துகள் இருக்கும். அவை மண்ணில் குளிர்காலத்தைக் கழிக்கும். குளிர்காலம் ஈரமாக இருந்தால் நிறைய வித்துகள், ஏறக்குறைய ஒரே காலத்தில் முதிரும். வசந்தத்தில் எப்போது எச்சரிக்கை ஆவது என்பதற்குத் திராட்சைக்காரர்களிடம் ‘மூன்று பத்து’ என்றொரு பழைய விதி உண்டு. தளிர் 10 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும், வெப்பம் 10 டிகிரியைத் தாண்ட வேண்டும், ஓரிரு நாளில் 10 மில்லிமீட்டர் மழை பெய்திருக்க வேண்டும். மூன்றும் கூடினால் மழைத்துளி தெறித்து, மண்ணிலிருந்து வித்து கீழ் இலைகளுக்கு ஏறும்.

அங்கே அது வெடித்து, வாலுள்ள நீந்தும் வித்துகளை விடும். இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் அவை நீந்தி இலைத்துளையைத் தேடிப் போய் உட்காரும், குழாய் விட்டு உள்ளே நுழையும். வெதுவெதுப்பான நாளில் இரண்டு மூன்று மணி நேர ஈரமே இதற்குப் போதும். உள்ளே போனபின் வெளியே ஒன்றும் தெரியாது. 20 முதல் 25 டிகிரி வெப்பம் இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் எண்ணெய்ப் புள்ளி தோன்றும், குளிராக இருந்தால் பத்து நாளுக்கு மேலும் ஆகும். பிறகு ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தாண்டிய ஓர் இரவு வந்தால், விடிவதற்குள் அடியில் வெள்ளைப் பஞ்சு பூத்துவிடும். அந்தப் பஞ்சிலிருந்து அடுத்த சுற்று. இந்தத் தடவை மண் வரை போக வேண்டியதில்லை, இலையிலிருந்து இலைக்கு, குலைக்கு.

முக்கியமான ஒன்று: இன்று கண்ணில் படும் புள்ளி ஒரு வாரத்துக்கு முந்தைய மழையின் கணக்கு. புள்ளியைப் பார்த்துவிட்டு மருந்தடிக்க ஓடுபவர் ஒரு வாரம் பின்தங்கி ஓடுகிறார்.

குலையில் நோய் இரண்டு வேடம் போடும். பூக்கும் நேரத்திலும் அதற்குப் பின் சில வாரங்களிலும் பிஞ்சின் தோலில் துளைகள் திறந்திருக்கும். அப்போது தாக்கினால் பிஞ்சு முழுவதும் சாம்பல் நிறப் பஞ்சு மூடும். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சாம்பல் அழுகல் என்பார்கள். காய் பட்டாணி அளவைத் தாண்டியதும் தோல்துளைகள் மூடிக்கொள்ளும், ஆனால் காம்பு வழி திறந்தே இருக்கும். காம்பு வழியாக நுழைந்தால் வெளியே பஞ்சே தெரியாது. காய் உள்ளிருந்து பழுப்பேறும், விரலால் அழுத்தியதுபோல ஓர் இடம் குழியும், பிறகு தோல்போலச் சுருங்கித் தொங்கும். இது பழுப்பு அழுகல். இலை பச்சையாக, ஆரோக்கியமாகத் தெரியும்போதே குலை பறிபோவது இந்த வேடத்தில்தான். மெர்லோவின் குலை இதற்கு எளிதில் ஆட்படும், கேபர்னே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நட்டதில் பாதி மெர்லோ என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2018 பருவம்

நோய்க்கு இதைவிடத் தோதான அரங்கம் அமைவது அரிது. குளிர்காலம் முழுக்க மழை. வசந்தம் வெதுவெதுப்பாக வந்து கொடிகள் வேகமாகத் தளிர்த்தன. மே மாதம் இடியும் மழையும் மாறி மாறி. மே 26-இல் ஆலங்கட்டி மழை மெடோக்கின் தென்கோடி உட்படச் சில பகுதிகளைத் தாக்கியது. பூப்பு மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வேகமாக நடந்து முடிந்தது, காய்ப்பிடிப்பு நன்றாக இருந்தது. குலைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தில் அமோக விளைச்சல் கண்ணில் ஆடியிருக்கும். மழை நிற்கவில்லை. ஜூனிலும் ஜூலை முற்பாதியிலும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தே இருந்தன. பிஞ்சு அதிகம் ஆபத்தில் இருக்கும் வாரங்களும் கிருமி அதிவேகமாகப் பெருகும் வாரங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

ஜூலை 15, பிரான்சு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் வென்ற அதே நாளில், தெற்கே சொத்தேர்ன் வட்டாரத்தில் ஆலங்கட்டி விழுந்தது. அதன் பிறகு வானம் அப்படியே மாறியது. அறுவடை முடியும் வரை வெயில், வறட்சி. ஒரே ஆண்டுக்குள் இரண்டு ஆண்டுகள்.

துத்தமும் சுண்ணாம்பும்

போர்டோ என்ற சொல் தமிழ்நாட்டு விவசாயிக்கு வைன் வழியாக வந்ததல்ல, போர்டோ கலவை வழியாக வந்தது. பாக்கு, தென்னை, திராட்சை, மிளகு வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் அளவைச் சொல்வார். அந்தக் கலவை பிறந்த இடம் பால்மேருக்குக் கூப்பிடு தூரம்.

அடிச்சாம்பல் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பிரான்சுக்குள் நுழைந்து 1878-இல் கண்டறியப்பட்டது. 1882-இல் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சேன் ழூலியன் ஊர் வழியே போகும்போது ஒன்றைக் கவனித்தார். எல்லாக் கொடியும் இலை கொட்டி நிற்க, சாலையோர வரிசைகளில் மட்டும் இலை இருந்தது. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளித்து, நஞ்சுபோல நீலமாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். திருடனுக்கு வைத்த பொறியில் நோய் மாட்டியது. மில்லார்தேவும் வேதியியலாளர் கயோனும், தோட்ட மேலாளர் எர்னெஸ்ட் தாவித்தின் துணையோடு சோதனை செய்து 1885-இல் முறையை வெளியிட்டார்கள். சோதனை நடந்த தோட்டங்களில் ஒன்றான ஷாத்தோ தொசாக், பால்மேர் இருக்கும் அதே மார்கோ வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அன்றைய அளவு முரட்டு அளவு. 100 லிட்டர் நீரில் 8 கிலோ துத்தம், 30 லிட்டர் நீரில் 15 கிலோ சுண்ணாம்பு. இன்று நாம் சொல்லும் ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். துத்தத்தை 50 லிட்டரில், சுண்ணாம்பை 50 லிட்டரில் தனித்தனியே கரைக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்கோ மரமோ மண்ணோ, இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திப்பி திப்பியாகத் திரண்டு தெளிப்பான் மூக்கு அடைக்கும். தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுக்கும்போது செந்நிறமாகச் செம்பு படிந்தால் துத்தம் மிகுதி, இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் பிடிமானம் போய்விடும்.

செம்பு வேலை செய்யும் விதம் எளிமையானது. இலையின் மேல் படிந்த செம்பு, மழையோ பனியோ பட்டதும் துளித்துளியாக அயனிகளை விடும். நீந்தி வரும் வித்து அதில் மாட்டிச் சாகும். இலைக்குள் செம்பு போகாது. ஏற்கெனவே உள்ளே நுழைந்த கிருமியை அது ஒன்றும் செய்யாது. அடித்தபின் முளைத்த இலையில் செம்பே இருக்காது. 20, 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் படிந்ததில் பெரும்பகுதி கழுவிப்போகும்.

மே, ஜூனில் திராட்சைத் தளிர் இரண்டு மூன்று நாளைக்கு ஓர் இலை விடும். திங்கள்கிழமை முழுத் தோட்டத்தையும் அருமையாக மூடினாலும், அடுத்த திங்களுக்குள் ஒவ்வொரு தளிரின் நுனியிலும் இரண்டு மூன்று இலை அம்மணமாக நிற்கும். நடுவில் ஒரு கனமழை பெய்தால் பழைய இலையும் அதே கதி. ஆக மருந்து ‘மழைக்கு முன்’ இலையில் இருக்க வேண்டும், ‘ஒவ்வொரு மழைக்கு முன்னும்’ இருக்க வேண்டும்.

செம்புக் கணக்கு

வேண்டியபோதெல்லாம் அடித்தால் ஆயிற்று என்று தோன்றும். சட்டம் விடாது, மண்ணும் தாங்காது. 2018-இல் நடப்பில் இருந்த ஐரோப்பிய இயற்கை வேளாண் விதிப்படி, எக்டேருக்கு ஆண்டுக்கு 6 கிலோ செம்பு உலோகம்தான். திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடலாம், ஓர் ஆண்டு கூட்டி இன்னோர் ஆண்டு குறைக்கலாம். 2019 தொடக்கத்திலிருந்து இது ஏழு ஆண்டுக்கு 28 கிலோ, அதாவது சராசரி 4 கிலோ என்று இறுகியது. பயோடைனமிக் சான்று தரும் டிமீட்டரின் வரம்பு இதைவிடவும் இறுக்கம், சராசரி 3 கிலோ.

துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. ஒரு சதவீதப் போர்டோ கலவையை எக்டேருக்கு 500 லிட்டர் அடித்தால் ஒரே தடவையில் 1.25 கிலோ செம்பு இறங்கிவிடும். ஐந்து தடவைக்குள் 6 கிலோ காலி. 2018 போன்ற ஆண்டில் இயற்கை முறைத் தோட்டம் இருபது தடவைக்கு மேல் அடிக்க வேண்டிவரும். இருபது தடவைக்கு 6 கிலோவைப் பங்கிட்டால் தடவைக்கு 300 கிராம் செம்பு, துத்தமாக 1.2 கிலோ. ஒரு எக்டேர் முழுவதற்கும் அவ்வளவுதான். ஆகவே இன்றைய முறை அளவைக் குறைத்து தடவையைக் கூட்டுவது. நீரைக் குறைத்து, துளியை நுணுக்கி, வரிசையின் இரண்டு முகத்திலும் நேராகப் படும்படி அடிப்பது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஓட்டி நேரம் மிச்சம் பிடிப்பவர்களின் தோட்டத்தில், எதிர்ப்பக்கத்துக் குலையில் செம்பு படாமல் போவது வாடிக்கை. நல்ல ஆண்டில் அது தெரியாது. 2018-இல் தெரிந்தது.

செம்பு மண்ணில் மக்காது. நூற்று முப்பது ஆண்டுகளாகத் துத்தம் வாங்கிய மண் அது, மேல்மண்ணில் செம்பு தங்கி மண்புழுவையும் நுண்ணுயிரையும் வாட்டும். இயற்கை விவசாயம் என்று சொல்லிக்கொண்டு உலோகத்தைக் கொட்டுவது என்ன நியாயம் என்று மறுதரப்பு கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

எங்கே நழுவியது

இப்போது தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்க்கலாம். மழை ஓயவில்லை என்றால் முதலில் மாட்டுவது டிராக்டர். மெடோக்கில் வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர்தான் இடைவெளி. கொடி வரிசையின் மேலே கால் பரப்பி நின்று ஓடும் உயரமான டிராக்டரைத்தான் பயன்படுத்துவார்கள். சரளை மேட்டில் அது மழை நின்ற சில மணி நேரத்தில் இறங்கலாம். களி கலந்த பள்ளத்தில் இறங்கினால் புதையும், புதையாவிட்டாலும் மண்ணை இறுக்கும். முதலில் காயும் இடத்துக்கு மருந்து முதலில் போகும். அதிகம் ஈரம் தேங்கி, நோய் அதிகம் பிடிக்கும் இடத்துக்கு மருந்து கடைசியில் போகும். கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கலாம்தான், 66 எக்டேரை ஒன்றரை நாளில் நடந்து முடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டால் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது புல். வரிசைகளுக்கு நடுவே மூடுபயிரும் புல்லும் விட்டு வளர்ப்பது மண்ணுக்கு நல்லது. விடாத மழையில் அதை வெட்ட முடியாமல் உயர்ந்துபோனால், குலை தொங்கும் உயரத்தில் காற்று ஓடாது. காலைப் பனி பத்து மணிக்குக் காய வேண்டியது மதியம் வரை நிற்கும். கிருமிக்குத் தேவையான இரண்டு மூன்று மணி நேரத்தை நாமே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. கீழ்த்தளிர்களைக் கிள்ளுவது, காலை வெயில் படும் பக்கம் குலையைச் சுற்றி இலை எடுப்பது, தலைப்பை வெட்டுவது எல்லாம் கைவேலை. மருந்து, புல், தளிர் மூன்றும் ஒரே வாரத்தில் ஆள் கேட்டன.

ரசாயன முறையில் இருந்த அண்டைத் தோட்டங்களுக்கும் இதே மழைதான். அவர்களிடம் இருந்த வேறுபாடு என்ன? இலைக்குள் ஊடுருவும் மருந்துகள். அடித்து ஓரிரு மணி நேரத்தில் உள்ளே போய்விடுவதால் மழை கழுவாது, சில வகை வளரும் நுனிக்கும் ஏறிப் போகும், பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும், நுழைந்து ஓரிரு நாள் ஆன கிருமியையும் ஓரளவு பிடிக்கும். அவர்களுக்கு அது ஒரு வார மூச்சு. தாவரத்துக்குள் மேலும் கீழும் ஓடக்கூடிய பொட்டாசியம் பாஸ்போனேட்டை முன்பு ஜெர்மனி போன்ற நாடுகளில் இயற்கை விவசாயிகளும் பயன்படுத்தி வந்தார்கள். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கதவை அடைத்தது. அது திறந்திருந்தால் 2018-இன் கணக்கு வேறாக இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

பயோடைனமிக் கசாயங்களின் பங்கு என்ன? குதிரைவால் செடியில் சிலிக்கா அதிகம், அதன் கசாயம் தோலை இறுக்கும் என்பது நம்பிக்கை. செந்தட்டி, வில்லோ பட்டை எல்லாம் செம்போடு சேர்த்து அடிப்பார்கள். நோய் அழுத்தம் குறைந்த ஆண்டில் செம்பின் அளவைக் குறைக்க இவை உதவக்கூடும். கிருமி வெள்ளமாக வரும்போது இவற்றை மட்டும் நம்பி நிற்க முடியாது. பயோடைனமிக் தோட்டங்களும் நோயை எதிர்க்கச் செம்பைத்தான் முதலில் எடுக்கின்றன என்பதே அதற்குச் சான்று.

ஆகவே ‘முறை தோற்றது’ என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பதைவிட இப்படிச் சொல்வதே பொருந்தும்: வெளியே மட்டும் நிற்கும் ஒரே ஒரு மருந்தை வைத்துக்கொண்டு, அதைப் புதுப்பிக்க நேரம் கிடைக்காத வாரங்களில், பிஞ்சு திறந்திருந்த காலத்தில் சிக்கிக்கொண்டார்கள். குலைக்குள் நோய் நுழைந்தபின் அந்த ஆண்டுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பக்கத்து உதாரணம்

பொயாக் ஊரின் ஷாத்தோ பொந்தே-கானே 2004-இல் பயோடைனமிக் முறைக்கு மாறியது. 2007-இல் இதே நோய் வந்தபோது, பயிர் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பகுதிக்கு ரசாயன மருந்து அடித்தார்கள். பயிரைக் காப்பாற்றியும் உரிமையாளர் ஆல்ஃபிரட் தெசரோன் அந்த முடிவுக்காக வருந்தியதைப் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார், சான்றுக்கான ஆண்டுக் கணக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 2018-இல் அதே சோதனை திரும்ப வந்தது. இந்தத் தடவை பொந்தே-கானே ரசாயனத்தைத் தொடவில்லை, பால்மேர்போலவே பயிரின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது.

ஜூன் இறுதியில் ஒரு தோட்டத்துக்கு உண்மையில் இரண்டு வழிதான். ஊடுருவும் மருந்தை ஒரே ஒரு தடவை அடித்து, இருக்கும் பயிரைக் காத்து, சான்றை இழந்து மூன்று ஆண்டு காத்திருப்பது. அல்லது பயிரை விடுவது. பால்மேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

அறுவடை, கலவை

ஜூலை பாதிக்குப் பின் வந்த வெயில் நோயை நிறுத்தியது. பழுப்பு அழுகல் பிடித்த காய்கள் கொடியிலேயே காய்ந்து, பாதி உதிர்ந்தன, பாதி குலைக்குள் சிக்கிக் கிடந்தன. எஞ்சிய காய்களுக்கோ கொடியின் முழு உழைப்பும் கிடைத்தது. மழையால் நிலத்தடி ஈரம் நிறைந்திருந்ததால் ஆகஸ்ட் வெயிலைக் கொடி தாங்கியது. காய் சிறுத்து, தோல் தடித்தது. சாறுக்குத் தோல் விகிதம் கூடினால் நிறமும் துவர்ப்பும் கூடும்.

இப்படிப்பட்ட ஆண்டில் பிரிப்பு மேசைதான் வைனைத் தீர்மானிக்கும். காய்ந்த மணி உள்ளே போனால் இரண்டு கெடுதல். உலர்ந்த இலை, வைக்கோல் வாடை ஏறும், நொதிக்கும்போது அது சாறை உறிஞ்சி அளவையும் குறைக்கும். காம்பு நீக்கும் எந்திரத்தை மெதுவாக ஓட்டினால், சுருங்கிய மணி காம்போடே ஒட்டிக்கொண்டு வெளியேறும். வேகம் கூட்டினால் உதிர்ந்து சாற்றில் விழும். அதைத் தாண்டி வருவதை அதிரும் மேசையில் கையால் பொறுக்க வேண்டும்.

1998 முதல் பால்மேர் ஆண்டுதோறும் இரண்டு வைன் எடுக்கும். முதலாவது தோட்டத்தின் பெயரில், மற்றது இளமையிலேயே குடிக்கத் தோதான ஆல்டர் ஈகோ. 2018-இல் ஆல்டர் ஈகோ இல்லை. கிடைத்தது எல்லாம் ஒரே வைனுக்குள் போனது. மெர்லோ 53 சதவீதம், கேபர்னே சொவினியோன் 40, பெத்தி வெர்தோ 7. நோய்க்கு எளிதில் ஆட்படும் மெர்லோவின் பங்கு, நட்ட விகிதத்தைவிடக் கூடியிருப்பது முதல் பார்வையில் முரண். இழப்பு இனவாரியாக மட்டும் விழுவதில்லை, பாத்திக்குப் பாத்தி மாறும் என்பதையே அது காட்டுகிறது. மேட்டுச் சரளையில் இருக்கும் மெர்லோ, பள்ளத்துக் கேபர்னேயைவிட நன்றாகப் பிழைக்கலாம்.

வைன் என்னவோ அடர்த்தியாக, நீண்ட ஆயுளோடு அமைந்தது. சுவை வல்லுநர்கள் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். இங்கேதான் இரண்டாவது கதை பிறக்கிறது. பால்மேரின் புகழ்பெற்ற 1961-உம் சிறு விளைச்சல் ஆண்டு என்பதை அதற்குத் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் 2018-இல் வழக்கமான அளவு அறுத்த அண்டைத் தோட்டங்கள் பலவும் அருமையான வைன் எடுத்திருக்கின்றன. வைனைச் செய்தது ஆகஸ்டும் செப்டம்பரும். நோய் அதைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சியது, அவ்வளவுதான்.

யார் தாங்க முடியும்

66 எக்டேரும் காய்ப்பில் இருந்ததாக வைத்துக்கொண்டால், எக்டேருக்கு 11 ஹெக்டோலிட்டர் வீதம் மொத்தம் 726 ஹெக்டோலிட்டர், ஏறத்தாழ 97,000 பாட்டில். 40 ஹெக்டோலிட்டர் வந்திருந்தால் மூன்றரை லட்சம். செலவு மட்டும் குறையவில்லை. மருந்து, டீசல், ஆள் கூலி எல்லாம் சாதாரண ஆண்டைவிட அதிகம். ஒரு பாட்டிலின் விலை அந்த ஓட்டையை அடைக்கும் அளவுக்கு இருக்கும் தோட்டத்தால் இந்த முடிவை எடுக்க முடியும். அதே ஜிரோந்த் மாவட்டத்தில் சில யூரோவுக்குப் பாட்டில் விற்கும் சிறு விவசாயி எக்டேருக்கு 11 ஹெக்டோலிட்டர் எடுத்தால் அடுத்த ஆண்டு கவாத்துக்கு அவரிடம் பணம் இருக்காது. பால்மேரின் உறுதியைப் பாராட்டும் கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

இயற்கை முறையில் நிற்க விரும்பும் தோட்டம் இந்த ஆண்டிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முழுத் தோட்டத்தையும் ஒரு நாளுக்குள், இரண்டு முகமும், மூடி முடிக்கும் அளவுக்குத் தெளிப்பான்கள் வேண்டும். அதில் குறைந்தது ஒன்று ஈரமண்ணில் இறங்கக்கூடிய எடை குறைந்த எந்திரமாக இருக்க வேண்டும். பள்ளத்துப் பாத்திகளைத் தனியாகக் குறித்து வைத்து, மழை அறிவிப்பு வந்ததும் முதல் மருந்தை அங்கே அடிக்க வேண்டும். மழைமானியை ஒரு மூலையில் மட்டும் வைக்காமல் மேட்டிலும் பள்ளத்திலும் வைத்தால், செம்பு எங்கே கழுவிப்போனது என்பது ஊகமாக இராது. பூப்பு தொடங்கும் முன்பே புல்லைத் தாழ வெட்டிவிட வேண்டும். ஆண்டின் செம்பு ஒதுக்கீட்டில் பாதியையாவது பூப்பிலிருந்து காய் பட்டாணி அளவாகும் வரையிலான நான்கைந்து வாரத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டும், ஏப்ரலில் பதறித் தீர்த்துவிடக் கூடாது. மெர்லோ பாத்திகளைக் கேபர்னேயோடு ஒரே அட்டவணையில் ஓட்டவும் கூடாது.

பால்மேர் பயோடைனமிக் முறையைக் கைவிடவில்லை. 2018 இலையுதிர்காலத்தில் நோயோடு உதிர்ந்த இலைகளில் உறங்கு வித்துகள் மண்ணுக்குள் போயின. அவை ஒரே வசந்தத்தில் முளைத்துத் தீர்வதில்லை, சில ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும். ஆடுகள் மேயும் அதே வரிசைகளுக்கு அடியில்தான்.